என்ஓடி சுண்டெலியா, பிபி எலியா?

முதல் வகை நீரிழிவு என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் நோய். அதன் மரபணுக்களைத் தேட இந்த இரண்டு ஆய்வுக்கூட இனங்களுமே உதவும். ஆனால் நான் முதலில் கைவைப்பது என்ஓடி சுண்டெலியில்தான். 1980-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த இனம் இது. நோய் தானாகவே வருகிறது. நோயெதிர்ப்பு செல்களுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டுவது எம்எச்சி மூலக்கூறு. இந்தச் சுண்டெலியில் அதன் பீட்டா சங்கிலியின் 57-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இல்லை. நோய் அபாயத்தைக் கூட்டும் மனித எம்எச்சி வகையான டிக்யூ8-லும் அப்படியேதான்! இந்த ஒற்றுமை எனக்கு இன்றும் வியப்பு. அப்புறம், பல மரபணுக்கள் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன, மனிதர்களைப் போலவே. குறை என்றால், பெண் சுண்டெலிகளுக்கே அதிகம் வருகிறது. மனிதர்களில் அப்படிப் பெரிய சாய்வு இல்லை.

கனடாவில் 1974-ல் கண்டறியப்பட்ட பிபி எலியில் இரு பாலுக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது. சரி, ஆனால் ஜிமாப்5 மரபணுப் பிழையால் அதன் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. நீரிழிவு நோயாளிகளிடம் பொதுவாக அந்தக் குறைவு இல்லை.