மெஃப்டால் ஸ்பாஸ்: பீரியட்ஸ் வலிக்குக் கேட்குமா?

பீரியட்ஸ் வயிற்றுவலி என்று மெடிக்கலில் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது மெஃப்டால் ஸ்பாஸ். சட்டப்படி இது மருத்துவர் சீட்டுக்கு விற்க வேண்டிய மாத்திரை; அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அதற்குத்தான். ஆனாலும் கேட்டால் கிடைத்துவிடுகிறது. விவரம் தெரிந்து வாங்குவது முக்கியம்.

ஒரு மாத்திரையில் மெஃபனமிக் அமிலம் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. வலியைக் குறைப்பதில் பெரும்பங்கு முதலாவதற்கே. கர்ப்பப்பையின் உள்சவ்வு உரியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் சுரந்து தசையை இறுக்கிப் பிழிகிறது. கூடவே வரும் குமட்டலுக்கும் பேதிக்கும் அதுவே காரணம். மாத்திரை புதிதாகச் சுரப்பதைத் தடுக்கும், ஏற்கெனவே சுரந்ததை எடுக்காது. துடித்துச் சுருண்டபின் போட்டுவிட்டு 'கேட்கவே இல்லை' என்பவர்கள் பலர். அடிவயிறு இலேசாக இழுக்கும்போதே, அல்லது உதிரம் பட்டதுமே போட்டுவிட வேண்டும்.

சாப்பிட்டபின் ஒன்று, எட்டு மணி நேரம் விட்டு அடுத்தது. நாளைக்கு மூன்றைத் தாண்ட வேண்டாம். இரண்டு, மூன்று நாள் போதும். காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் வலி அடங்குவதற்குள் நெஞ்சு எரியும்.

'மாத்திரை போட்டால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும்' என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். அப்படி எதுவும் தங்காது. போக்கு ஓரளவு குறையும், அவ்வளவுதான். அதிக உதிரப்போக்குக்கு மருத்துவர்களே மெஃபனமிக் அமிலம் எழுதித் தருவதுண்டு. ஆஸ்பிரின் அப்படியல்ல, ரத்தம் உறைவதைத் தடுப்பதால் போக்கைக் கூட்டலாம். பீரியட்ஸ் வலிக்கு அது வேண்டவே வேண்டாம்.

இந்த மாத்திரையின் குறை டைசைக்ளோமின். குடல் பிடிப்புக்கான மருந்து அது; வாய் உலரும், பார்வை மங்கும், தூக்கம் வரும். பரீட்சை எழுதுபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் இது பெரிய தொந்தரவு. எங்கள் கணிப்பில் பலருக்கு இப்யூபுரோஃபன் 400 மி.கி. மட்டுமே போதும். பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது, ஆனால் இந்த வலிக்குக் கொஞ்சம் வலு குறைவு.

அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலிமாத்திரையால் இழுப்பு வரும் ஆஸ்துமா, கர்ப்பம், டெங்கு சந்தேகம் இருந்தால் மெஃப்டாலும் கூடாது, இப்யூபுரோஃபனும் கூடாது. மெஃபனமிக் அமிலத்தால் அரிதாக டிரெஸ் என்னும் கடும் ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. போட்டு சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

வாங்கும்போது 'மெஃப்டால்' என்று மட்டும் கேட்காதீர்கள். மெஃப்டால் ஃபோர்ட் என்று இன்னொரு வகை உண்டு, அதில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். டோலோவும் பாராசிட்டமால்தான்; அதன்மேல் இதையும் போட்டால் அளவு ஏறிவிடும். இரண்டு மாத்திரை மட்டும் கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடைக்காரர் கையிலுள்ள துண்டோடு போய்விடும். அங்கேயே அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.