திங்க்பேட் டி480: ராம் வாங்கும் முன் சார்ஜ் போர்ட்டைப் பாருங்கள்

2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480-ஐ இன்னும் பலர் தேடிப்பிடித்து வாங்குவதற்குக் காரணம் அதன் வேகம் அல்ல. இரண்டு ராம் ஸ்லாட்டும் கழற்றக்கூடியவை. உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றி மாட்டும் பேட்டரி இன்னொன்று. அடுத்து வந்த டி490-இல் வெளிப் பேட்டரி போய்விட்டது, ராமில் ஒன்றை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். அந்த வகையில் டி480 அந்த வரிசையின் கடைசி ஆள்.

ஆனால் இதை வாங்குபவர்கள் முதலில் ராமும் எஸ்எஸ்டியும் வாங்குகிறார்கள். சார்ஜ் ஏறவில்லை என்று தெரிவது அதற்குப் பிறகுதான். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். டி480-க்கு மின்சாரம் நுழைய இருக்கும் வழி இடது பக்கத்து இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்கள் மட்டுமே. முந்தைய டி470-இல் இருந்த செவ்வக முனை சார்ஜர் துளை இதில் இல்லை. அந்த இரண்டு போர்ட்டும் நேராக மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டவை. சார்ஜர் வயர் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பை மடியில் வைத்து நகர்த்தி நகர்த்தி, சில ஆண்டுகளில் சால்டர் விட்டுவிடுகிறது. இந்த மாடலின் பெரிய குறை இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

சோதனைக்கு லேப்டாப்பைத் திறக்க வேண்டியதில்லை. சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே மாட்டும் சிறிய யுஎஸ்பி-சி மீட்டர் ஒன்று போதும். இதோடு வரும் சார்ஜர் 45 வாட் அல்லது 65 வாட். இரண்டுமே 20 வோல்ட் தருபவை, ஆம்பியர்தான் 2.25, 3.25 என்று மாறும். மாட்டியதும் மீட்டர் 5 வோல்ட்டில் தொடங்கி ஓரிரு நொடியில் 20-க்குத் தாவ வேண்டும். பவர் பட்டன் விளக்கும் மூன்று முறை சிமிட்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் இந்த மூன்று சிமிட்டலைக் கவனிக்கலாம்: சார்ஜர் வந்ததை லேப்டாப் உணர்ந்துகொண்டது என்பதற்கு அடையாளம்.

20 வோல்ட் வந்து ஓர் ஆம்பியருக்கு மேல் இழுத்தால் மின்சாரம் நுழையும் வழியில் குறை இல்லை. 20 வந்தும் ஆம்பியர் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால் போர்ட் பேசுகிறது, அதற்குப் பின்னால் போர்டில் ஏதோ மின்சாரத்தை உள்ளே விடவில்லை என்று பொருள். 20-க்கு ஏறி உடனே 5-க்கு விழுந்து, திரும்ப ஏறி, திரும்ப விழுந்தால் சந்தேகம் ஷார்ட் மீது போக வேண்டும். கடைசி இரண்டும் போர்டு வேலை தெரிந்தவர் மல்டிமீட்டரோடு பார்க்க வேண்டியவை.

5 வோல்ட்டிலேயே நின்றுவிட்டால்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. முதலில் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள் அடையாளச் சிப் இருக்க வேண்டும். இல்லாத கேபிளில் சார்ஜர் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். அதனால் 5 வோல்ட்டில் சிக்கிக்கொள்ளாது என்றாலும், உள்ளே கம்பி அறுந்த கேபிளில் சிக்கும். அடுத்து, முனையைத் திருப்பி மாட்டுங்கள். ஒரு பக்கமாக மாட்டினால் சார்ஜ் ஏறி, திருப்பி மாட்டினால் ஏறவில்லை என்றால், சார்ஜரோடு பேரம் பேசும் சிசி பின்கள் இரண்டில் ஒன்று போர்ட் பக்கம் விட்டுவிட்டது. யுஎஸ்பி-சியில் அந்தப் பின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இருப்பதால்தான் பழுது இப்படிப் பாதியாகத் தெரிகிறது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: நடு நாக்கு சாய்ந்திருக்கிறதா, பின்கள் கருகியிருக்கின்றனவா, பஞ்சுத்தூசு அடைத்திருக்கிறதா. தூசுதான் காரணம் என்றால் உலர்ந்த மரக்குச்சியால் எடுத்துவிடலாம். ஊசி வேண்டாம்.

அதன் பிறகு இன்னொரு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்று சாதாரண யுஎஸ்பி-சி, மற்றது தண்டர்போல்ட் 3, அதே வடிவத்தில் இன்னும் வேகமானது. இந்தத் தலைமுறை திங்க்பேட்களைப் பிடித்த ஒரு வினோதமான நோய் இங்கேதான் இருக்கிறது. தண்டர்போல்ட் கட்டுப்பாட்டுச் சிப்பின் பழைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்), தன் சிறிய ஃபிளாஷ் நினைவகத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போய் அதை நிரப்பிவிடும். நிரம்பிய பின் வெளித்திரை வராது, தண்டர்போல்ட் சாதனங்கள் தெரியாது, சார்ஜ் மெதுவாகும் அல்லது ஏறவே ஏறாது. பார்ப்பவர் போர்ட் உடைந்தது என்றே நினைப்பார். லெனோவோ திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டிருக்கிறது. போர்ட் இன்னும் உயிரோடு இருந்தால் விண்டோஸிலிருந்தே ஏற்றிவிடலாம். டி480 கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இது.

காலம் கடந்திருந்தால் அந்த 1 எம்பி ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக எழுத வேண்டியிருக்கும். சிப்பைக் கவ்வும் எட்டுக் கால் க்ளிப்பும், அதில் எழுத சிஎச்341ஏ என்ற சிறிய புரோகிராமர் கருவியும் தேவை. இரண்டு பேட்டரியும், தேதியையும் நேரத்தையும் காக்கும் நாணய பேட்டரியும் கழற்றிய பின்பே க்ளிப் போட வேண்டும். மலிவான புரோகிராமர்களில் சில, சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் விடும். மல்டிமீட்டரில் அளந்துவிட்டு இறங்குங்கள். பழைய தரவை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அழிக்கவும். புதிய கோப்பும் சரியாக 1 எம்பி இருக்கும்படி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். புதிய போர்ட் வைத்து சால்டர் செய்வதை விட இது எளிது. போர்ட்டை மாற்றச் சொல்லும் எவரிடமும் முதலில் ஃபர்ம்வேர் பார்த்தாயிற்றா என்று கேட்பது நல்லது.

சுத்தமாக உயிரே இல்லாத லேப்டாப்புக்கு வேறு வழி. வெளிப் பேட்டரியைக் கழற்றி, சார்ஜரை எடுத்துவிட்டு, அடிப்பக்கத்தில் உள்ள அவசர ரீசெட் துளையில் நிமிர்த்திய பேப்பர் க்ளிப்பால் ஒரு முறை அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு, சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். சார்ஜரில் மட்டும் வைத்துச் சோதிக்கிறோம் என்று நினைத்துப் பலர் ஏமாறுவது இங்கேதான்: உள் பேட்டரி இன்னும் இணைப்பில் இருக்கிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) அதை அணைத்து வைத்தாலும் சார்ஜர் மாட்டியதும் தானாகத் திரும்ப இணைந்துகொள்ளும். உண்மையாகவே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அடிமூடியைத் திறந்து உள் பேட்டரியின் கனெக்டரைக் கையால் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பின் சார்ஜரில் ஓடுகிறது என்றால் போர்டு நலம், பேட்டரிதான் குற்றவாளி.

திறக்கும் முறை: எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போய், கான்ஃபிக், பவர் என்ற வரிசையில் உள் பேட்டரியை அணைத்துவிட்டு வெளிப் பேட்டரியைக் கழற்றவும். அடிமூடித் திருகுகள் மூடியிலேயே தங்கிவிடும். முழுவதும் வெளியே வரவில்லையே என்று இழுக்காதீர்கள். கீல் இருக்கும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கவும். மூடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பயாஸில் அணைத்த பேட்டரி, சார்ஜர் மாட்டும்வரை விழிக்காது. "மூடிவிட்டேன், இப்போது ஆன் ஆகவே இல்லை" என்ற புலம்பலில் பாதி இதுதான்.

உள் பேட்டரி 24 வாட்-மணி. வெளியே 24, 48, 72 என்று மூன்று அளவுகள் உண்டு. லேபிளில் 61, 61+, 61++ என்று இருக்கும். ஓடும்போது வெளியே உள்ளது முதலில் காலியாகும், பிறகு உள்ளே உள்ளது. ஆகவே உள் பேட்டரி தேய்ந்திருந்தாலும் பல மாதம் வெளியே தெரியாது. வெளிப் பேட்டரி தீரும் நொடியில் 30 சதவீதம் மிச்சம் என்று காட்டிக்கொண்டே லேப்டாப் படாரென அணையும். விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனியாக வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் இருக்கும். பாதிக்குக் கீழே போன உள் பேட்டரியை மாற்றிவிடுங்கள். டச்பேட் கிளிக் இறுகியிருந்தாலோ கை வைக்கும் பகுதி மேலே எழும்பியிருந்தாலோ அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது; அழுத்தாமல், குத்தாமல் எடுத்துவிட வேண்டும்.

பழுது போல் தோன்றும் சிலவும் உண்டு. 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றால் முந்தைய உரிமையாளர் வைத்த சார்ஜ் வரம்பு அப்படியே இருக்கலாம், லெனோவோவின் வான்டேஜ் செயலியில் பாருங்கள். தேதி தவறு என்று 0271 பிழை வந்தால் வயரோடு வரும் நாணய பேட்டரி தீர்ந்தது, அவ்வளவே. பிராசசர் 400 மெகாஹெர்ட்ஸில் சிக்கி எல்லாமே ஊர்ந்தால் வைரஸைத் தேட வேண்டாம்; வெப்பம் அல்லது மின்சாரம் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்து பிராசசர் தன்னைத் தானே கட்டிப்போட்டிருக்கிறது. ரீசெட் துளை பெரும்பாலும் விடுவிக்கும். அடிக்கடி திரும்பி வந்தால் சார்ஜரையும் பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தேறிய பிறகு மேம்பாடு. அது சுலபம். டிடிஆர்4 2400 ராம், இரண்டு ஸ்லாட். லெனோவோ சொல்லும் உச்சம் 32 ஜிபி, நடைமுறையில் 64-ம் ஓடுகிறது. 3200 குச்சி வாங்கினாலும் 2400-இல்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம். ஒரு 16-க்குப் பதில் இரண்டு 8 போட்டால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கண்கூடாக வேகமாகும். ராம் மாற்றிய பின் முதல் முறை திரை சிறிது நேரம் கருப்பாகவே இருக்கும். பதறி பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

எஸ்எஸ்டியில் ஒரு தடை உண்டு. 2.5 அங்குல இடத்தில் தனித் தட்டு வைத்து எம்.2 என்விஎம்இ (குச்சி வடிவ வேக எஸ்எஸ்டி) மாட்டலாம், ஆனால் அங்கே வருவது பிசிஐஇ 3.0-இன் இரண்டு லேன் (தரவுப் பாதை) மட்டும். நொடிக்கு 7,000 எம்பி என்று விளம்பரமாகும் டிரைவும் இங்கே 2,000-ஐத் தாண்டாது. சூடும் மின்செலவும் மட்டும் கூடும். குறைந்த மின்சாரம் எடுக்கும் நடுத்தர டிரைவே பொருத்தம். சிம் மோடத்துக்கான ஸ்லாட்டில் 2242 அளவு என்விஎம்இ ஒன்றும் போகும், இணைப்பு முனையில் பி, எம் என்று இரண்டு வெட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். வைஃபைக்கு இன்டெல் ஏஎக்ஸ்210 சரி, ஏஎக்ஸ்211 வேலை செய்யாது.

1366x768 திரை உள்ளதை வாங்கியிருந்தால் 30 பின் 1080 ஐபிஎஸ் பேனல் அதே கேபிளில் உட்காரும். 1440 திரைக்கு 40 பின் கேபிளும் வேண்டும். பழைய திரையை விடக் குறைவாக மின்சாரம் எடுக்கும் பேனலாகத் தேர்ந்தெடுப்பது பேட்டரியையும் நீட்டும்: 48-ம் 24-ம் சேர்ந்த 72 வாட்-மணியில் 8 வாட் இழுத்தால் 9 மணி நேரம், 6 வாட் என்றால் 12.

வாங்கும் முன் பிராசசர் பெயரையும் பாருங்கள். டி480 ஏழாம் தலைமுறை ஐ5-7200யூ உடனும் விற்கப்பட்டது. அதில் கோர் இரண்டுதான், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவும் இல்லை; விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. லினக்ஸ் போடுபவருக்கு அது பொருட்டில்லை. மற்றவர்கள் ஐ5-8250யூ அல்லது ஐ5-8350யூ பார்த்து எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே உணரக்கூடிய வேறுபாடு இல்லை. அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் பணத்தை 65 வாட் சார்ஜருக்குக் கொடுங்கள். 45 வாட்டில் கடும் வேலையும் இரண்டு பேட்டரிக்கான சார்ஜும் ஒன்றாக ஓடும்போது சார்ஜ் ஏறுவது நொண்டும்.

ஒரே ஒரு லேப்டாப்பை மட்டும் மறுத்துவிடுங்கள்: இரண்டு போர்ட்டும் ஆடும் டி480. ஒன்று ஆடினால் மற்றொன்றில் ஓட்டலாம். இரண்டும் ஆடினால் அதில் உள்ள ராமும் திரையும் உதிரி பாகங்களாக மட்டுமே விலை பெறும்.