ஆயில் குடிக்கும் பழைய பிக்கப்: ஊற்றி ஓட்டுவதா, டர்போவா, ரிங்கா, வேறு இன்ஜினா?

ஏழு வருஷம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். மீட்டர் 1,60,000 கிலோமீட்டர் காட்டியது. மன்னவனூர்ப் பக்கத்தில் கேரட் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவதுதான் அதற்கு வேலை. இரண்டாவது வாரமே டிப் ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. விசாரித்த இடங்களில் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஊற்றி ஓட்டுங்கள் என்றார் ஒருவர். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போய்விட்டது என்றார் இன்னொருவர். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் தேய்ந்துவிட்டது, ரிங் வேலை என்றார் மூன்றாமவர். பழைய இன்ஜின் ஒன்றை எடுத்து மாட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான்குமே ஏதோ ஒரு வண்டிக்குச் சரியான பதில்தான். என் வண்டிக்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் இரண்டு மாதம் போனது.

முதலில் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல்கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு 1000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இடையில் ஊற்றுவதையெல்லாம் அளவு போட்ட கேனில் ஊற்றி எழுதி வையுங்கள். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போவது சகஜம் என்றே பல கம்பெனிகளின் கையேட்டில் இருக்கும். 200, 300 மில்லி குறைகிறது என்று இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு. என் வண்டி 1.4 லிட்டர் குடித்தது. அது வியாதிதான்.

இதில் ஒரு பொறி உண்டு. டீசல் பம்ப்பிலோ இன்ஜெக்டரிலோ கசிந்து டீசல் ஆயிலோடு கலந்தால், ஆயில் எரிந்துகொண்டே இருந்தாலும் டிப் ஸ்டிக் அளவு குறையாது. ஸ்டிக்கைத் துடைத்த துணியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்து, ஆயிலும் தண்ணீர் மாதிரி ஓடினால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமல் எடுக்கும் அளவு எதுவும் நம்பத்தக்கதல்ல.

அடுத்தது புகை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் பக்கம் சந்தேகப்படலாம். லோடோடு மேடு ஏறும்போது விடாமல் வந்தால் ரிங் அல்லது டர்போ. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்ததும் வருகிற புகை, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்ததற்கு அடையாளம் என்பார்கள். பெட்ரோல் வண்டியில் அது நன்றாகப் பொருந்தும். காலை எடுத்ததும் த்ராட்டில் மூடி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சும். டீசலில் காற்றை அப்படி அடைப்பதில்லை என்பதால் அந்த உறிஞ்சல் மிகக் குறைவு. பெட்ரோல் வண்டியில் பழகியவர்கள் டீசல் வண்டிக்கும் வால்வு சீல் மாற்றிவிட்டு, குறையவில்லையே என்று முழிப்பது இதனால்தான்.

இனி டர்போவும் ரிங்கும். டீசல் பிக்கப்பில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் போட்டி. பணம் வீணாவதும் இங்கேதான்.

நான் முதலில் போன பட்டறையில், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றிச் சாய்த்தார்கள். கருப்பாக ஆயில் வழிந்து உள்ளங்கையில் தேங்கியது. "டர்போ சீல் அவுட்டுண்ணே" என்று சொல்லி 22,000 ரூபாய் கணக்கும் கொடுத்தார்கள். பார்த்ததும் நானும் நம்பிவிட்டேன். பணம் புரட்ட ஆன ஒரு வார இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது.

இரண்டாவது மெக்கானிக் டர்போவின் முகப்பு ஹோஸை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டினார். பக்கவாட்டில் மயிரிழை அளவு அசைந்தது. முன்னும் பின்னும் அசையவே இல்லை. சக்கரத்தின் இறக்கை சுவரில் உரசிய தடமும் இல்லை. அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே வாய்மீது வைத்தார். மூடி தடதடவென்று குதித்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீத்தர் ஹோஸின் முனையில் ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபுவென்று புகை. "டர்போ நல்லாத்தான் இருக்குண்ணே. கீழே இருந்து பிரஷர் அடிக்குது, ஆயிலு திரும்ப இறங்க வழியில்லாம மேலே ஏறுது" என்றார்.

டர்போவுக்குப் போகும் ஆயில் எந்த அழுத்தமும் இல்லாமல் தானாக வழிந்துதான் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்பும். ரிங் தேய்ந்தோ ஒட்டியோ போனால், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கிச் சம்ப்பில் அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்போது திரும்பும் ஆயில் தடுக்கப்பட்டு, டர்போ சீலைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் போகும். பிரீத்தர் வழியாகவும் ஆயில் ஆவி அதே பாதைக்குள் வரும். அந்த நிலையில் புது டர்போ மாட்டினால் அதுவும் சில நாளில் ஆயில் கக்கும். பிரீத்தர் அடைத்திருந்தாலும் இதே கூத்துதான். அதனால் பிரீத்தரையும் டர்போ ரிட்டர்ன் பைப்பையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் டர்போவுக்குப் பணம் கட்டாதீர்கள். சில வண்டிகளில் அந்தச் சுத்தமே போதுமானதாக இருக்கும்.

டர்போவை அலட்சியம் செய்யவும் கூடாது. காற்றுப் பாதையில் ஆயில் அதிகமாகச் சேர்ந்தால் டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அப்படி ஆனால், டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்ச்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும். பிக்கப் ஓட்டும் தம்பிகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.

ரிங்தான் என்று உறுதி செய்ய, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டைவிட லீக் டெஸ்ட்டை நம்புகிறேன். கம்ப்ரஷன் குறைவு என்று காட்டினால் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பெட்ரோல் வண்டிப் பழக்கம். டீசலில் எரிப்பறை மிகச் சிறியது. ஊற்றிய ஆயிலே இடத்தை அடைத்து அளவை உயர்த்திக் காட்டிவிடும். லீக் டெஸ்ட்டில், பிஸ்டனை மேலே நிறுத்தி, இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விடுவார்கள். ஆயில் மூடிப் பக்கம் சீறினால் ரிங். சைலன்சரிலோ ஏர் ஃபில்டர் பக்கமோ சீறினால் வால்வு. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட். என் வண்டியில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களில் காதை வைக்கத் தேவையே இல்லாமல் ஆயில் மூடிப் பக்கம் சீறியது.

சரி, பணக்கணக்குக்கு வருவோம். ஊற்றி ஓட்டுவதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். மாதம் 3000 கிலோமீட்டர், லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தால் என் வண்டிக்கு மாதம் சுமார் 1,700 ரூபாய். ரிங் வேலைக்கு எனக்குச் சொன்னது 38,000. ஆயில் காசில் மட்டும் அதை எடுக்க 22 மாதம் ஆகும். ஒரு வருஷத்தில் விற்கப்போகும், பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4 வண்டிக்கு, தினமும் காலையில் ஸ்டிக் பார்க்கும் ஆள் இருந்தால், ஊற்றி ஓட்டுவதே கட்டுப்படியாகும். விற்கும்போது உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒருநாள் பார்க்க மறந்து ஆயில் விளக்கு எரிந்தால், அப்போது பேரிங் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியில் இந்த வழியே கிடையாது. எரியும் ஆயிலின் சாம்பல் புகை வடிகட்டியில் போய் அடைக்கும். கரியைப் போல அந்தச் சாம்பல் எரிந்து கழியாது. வடிகட்டியின் விலையைக் கேட்டால் ரிங் வேலை மலிவாகத் தெரியும்.

கெட்டி ஆயில், புகை நிறுத்தும் மருந்து இரண்டும் விற்பவருக்கு உதவுபவை. 20-50 ஆயில் சில வாரம் புகையை மறைக்கும். பழைய வண்டி பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சம்ப்பில் டீசல் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். கிளம்பும் கசடு ஆயில் வலையை அடைத்துவிடும்.

பழைய இன்ஜினுக்கு 55,000 கேட்டார்கள். ஒரே நாளில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆர்சியில் இன்ஜின் நம்பரை மாற்றிப் பதிய வேண்டும், எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் அந்த நம்பரைப் பார்ப்பார்கள். பிளாக் வெடித்த வண்டிக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

மிச்சம் இருப்பது ரிங் வேலையா, முழு இன்ஜின் வேலையா என்பது. அதை இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கிய பிறகுதான் முடிவு செய்ய முடியும். சிலிண்டரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் படி இருந்தால் போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்கிறது. போர் கேஜ் வைத்து அளந்து கையேட்டின் எல்லையைத் தாண்டினால், ரிங் மட்டும் போடுவது 38,000 ரூபாயைத் தெருவில் போடுவது. முட்டை வடிவமாகிவிட்ட போரில் வட்டமான ரிங் உட்காராது. என் வண்டியில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. ஆயில் தங்குவதற்காகச் சிலிண்டர் சுவரில் கீறிவிடும் ஹோனிங் கோடுகள்கூட அங்கங்கே தெரிந்தன. பிஸ்டனைப் பார்த்தால் மூன்றாவது ரிங், அதாவது ஆயிலை வழிக்கும் ரிங், கரி பிடித்துக் காடியிலேயே ஒட்டிக் கிடந்தது. ஆயில் திரும்பும் துளைகள் கருங்கல் மாதிரி அடைத்திருந்தன. யாரோ வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். 85,000 ரூபாய் முழு வேலைக்குத் தேவை இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

அமெரிக்காவில் ஜிஎம் கம்பெனியின் 5.3 லிட்டர் வி8 பிக்கப்களிலும் ரிங்கில் கரி பிடித்து ஆயில் குடிக்கும் புகார் கிளம்பியது. சம்ப்பில் தெறிக்கும் ஆயிலைத் தடுக்கும் தகடு, மாற்றி வடிவமைத்த வால்வு கவர், பிஸ்டன் கரியைக் கரைக்கும் திரவம், கடைசியாகப் பிஸ்டனும் ரிங்கும் என்று கம்பெனி படிப்படியாகத்தான் வைத்தியம் சொன்னது. 2011 முதல் 2014 வரையிலான மாடல்களுக்காக நடந்த வழக்கில், 2022 அக்டோபரில் ஜூரி 10.26 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. நம் ஊர்ப் பழைய வண்டிக்கு வழக்கெல்லாம் கிடையாது. ஆனால் சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போகும் அந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

கடைசியில் என் வண்டிக்குச் செய்தது: ஹோனிங், ரிங் செட், பேரிங், கேஸ்கெட் செட், பிரீத்தர் சுத்தம். டர்போவைத் தொடவில்லை. முதல் 1000 கிலோமீட்டர் பாதி லோடில், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டி, ஆயிலை மாற்றினேன். அடுத்த 1000 கிலோமீட்டருக்கு மறுபடி அதே நோட்டில் கணக்கு வைத்தேன். மேல்கோடு வரை திரும்ப நிரப்ப 150 மில்லி போதுமானதாக இருந்தது.