ஈபேயில் முதல் விற்பனை: ஏலமா, ஒரே விலையா?

பீரோவில் கிடக்கும் தபால்தலை ஆல்பத்தை ஈபே என்ற இணையச் சந்தையில் விற்கலாம் என்று உட்காருகிறீர்கள். படம் எடுத்தாயிற்று, விவரமும் எழுதியாயிற்று. இப்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்று: ஏலத்தில் விடுவதா, விலை போட்டு வைப்பதா? ஈபே என்றாலே ஏலம்தானே என்று பலர் அதையே தொடுகிறார்கள். பெரும்பாலான பொருட்களுக்கு அது தவறான தேர்வு என்பேன்.

ஏலத்தின் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தொடக்க விலை 99 சென்ட் வைக்கிறீர்கள். ஒருவர் வந்து, அதிகபட்சம் 20 டாலர் வரை தரலாம் என்று பதிகிறார். அந்த 20 யாருக்கும் தெரியாது, விலை 99 சென்டிலேயே நிற்கும். இன்னொருவர் 12 டாலர் வரை கேட்டால், தளம் தானாகவே முதல் ஆளுக்காக ஒரு படி ஏற்றி 12 டாலர் 50 சென்டில் நிறுத்தும். அந்த இரண்டாவது ஆள் வரவே இல்லையென்றால்? 20 டாலர் தரத் தயாராக இருந்தவருக்கே 99 சென்டுக்குப் போய்விடும். ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவதாகக் கேட்பவர். உங்கள் பொருளுக்கு அப்படி இரண்டு பேர் அதே வாரத்தில் இருப்பார்களா என்பதே கேள்வி.

நம் ஊர் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று சொல்லிக் காத்திருப்பார்கள். இங்கே அந்தக் காத்திருப்பு கிடையாது, கடிகாரம்தான். குறித்த நொடியில் ஏலம் முடிந்துவிடும், கடைசி நிமிடப் போட்டிக்காக நேரம் நீளாது. பழகியவர்கள் கடைசிச் சில நொடிகளில்தான் கேட்பார்கள். அதனால் முடியும் நேரம் முக்கியம். ஏழு நாள் ஏலம், தொடங்கிய அதே நேரத்தில்தான் முடியும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 9 மணி என்பது அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்குத் திங்கள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. நமக்கு வசதியான மதிய நேரத்தில் ஏற்றினால், அவர்கள் தூங்கும்போது ஏலம் முடியும்.

ஒரே விலையில் இந்தப் பதற்றம் இல்லை. தேடலில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் அதே பொருள் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். விற்காமல் தொங்கும் விலைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆசைக்கு யாரும் எதையும் எழுதி வைக்கலாம். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த நான்கு தபால்தலைகள் போன்றவை பலரிடம் இருக்கின்றன, விலையும் ஓரளவு தெரிந்ததே. அதை ஏலத்தில் விட என்ன அவசியம்? விற்ற விலையை ஒட்டிப் போட்டு, பேரம் பேசும் ‘பெஸ்ட் ஆஃபர்’ வசதியையும் திறந்து வையுங்கள். விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வாங்கும்போதே பணம் கட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏலத்தில் வென்றவர் பணம் கட்டாவிட்டால், நான்கு நாள் காத்திருந்துதான் ரத்து செய்ய முடியும்.

அப்படியானால் ஏலமே வேண்டாமா? விலை யாருக்கும் தெரியாத பொருளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிடியார் 1995இல் அங்கே விற்ற முதல் பொருள் உடைந்த லேசர் பாயின்டர். 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரிடம் கேட்டார். தான் உடைந்த பாயின்டர்களைச் சேர்ப்பவன் என்று பதில் வந்தது. அதற்கு எந்த விலைப்பட்டியலில் விலை தேடுவது? அச்சுப்பிழை உள்ள தபால்தலை, அபூர்வ முத்திரை விழுந்த உறை, வகை பிரிக்காத தபால்தலைக் கலவைக் கட்டு, இவையெல்லாம் அந்த வகை. தொடக்க விலையை மட்டும் நஷ்டம் வராத அளவில் வையுங்கள். நண்பரை விட்டு விலை ஏற்றச் சொல்லாதீர்கள். தளம் தடை செய்த செயல் அது, வாங்குபவருக்குச் செய்யும் துரோகமும்கூட.

கட்டணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் கமிஷன் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவையும் சேர்த்துத்தான். 99 சென்ட் விற்பனையில் அது கடிக்கும்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது இங்கிருந்து விற்பது ஏற்றுமதிதான், அதற்கு ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய நாணயத்தைப் பட்டியலில் ஏற்றாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தாத்தாவின் 1918 வெள்ளி ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும்.

நான் தொடங்குவதாக இருந்தால் முதல் பத்து விற்பனையும் சின்னப் பொருளாக, ஒரே விலையில்தான் வைப்பேன். சொன்ன நாளில் அனுப்பி, வாங்கியவர்கள் எழுதும் நல்ல ஃபீட்பேக் பத்து சேர்த்த பிறகு, ஒரு திங்கள்கிழமை காலை 6.30க்கு அந்தக் கலவைக் கட்டை ஏலத்தில் விடுவேன்.