கேஷ் பெட்டி விற்க வருகிறவர்களிடம் உஷார்

"பேண்ட்வித் பாதி மிச்சம்" என்று சொல்லி, விடுதி, கல்லூரி, சின்ன இணையச் சேவை நிறுவனங்களின் தலையில் கேஷ் சர்வரை (ஒருவர் இறக்கியதைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குத் தரும் பெட்டியை) கட்டும் வியாபாரம் இன்னும் ஓயவில்லை. எல்லோரும் ஏமாறுவது டெமோவில்தான். ஒரு பெரிய ஃபைலை இருமுறை இறக்கிக் காட்டுவார்கள். இரண்டாவது முறை நொடியில் வந்துவிடும். அந்த முகவரியைக் கவனியுங்கள், எச்டிடிபி (பூட்டாமல் அனுப்பும் பழைய முறை) என்று இருக்கும். இன்று யார் அதில் உலவுகிறார்கள்?

2015 இறுதியில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, எச்டிடிபிஎஸ்ஸுக்கு (பூட்டி அனுப்பும் முறைக்கு) வேண்டிய சான்றிதழை இலவசமாகத் தரத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் 68, எச்டிடிபி தளங்கள் எல்லாவற்றையும் 'பாதுகாப்பற்றது' என்று காட்ட ஆரம்பித்தது. எச்டிடிபிஎஸ் வந்தால் பிராக்ஸிக்கு (நடுவில் நிற்கும் கேஷ் பெட்டிக்கு) தெரிவது 'கனெக்ட்' என்ற இணைப்புக் கோரிக்கை, சர்வர் பெயர், போர்ட் 443, அவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்தப் படம் என்பது தெரியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் சாவி வேறு என்பதால், ஒரே வீடியோவை இருவர் பார்த்தாலும் கம்பியில் ஓடும் பைட்டுகள் வேறு வேறு. சேமித்து வைத்தாலும் அடுத்தவருக்கு உதவாது. ஸ்க்விட் என்ற கேஷ் மென்பொருளின் ஆக்சஸ் லாக்கைத் திறந்தால் வரிசையாக 'டிசிபி_டனல்'தான் (சேமிக்காமல் அப்படியே கடத்திவிட்டது). 'டிசிபி_ஹிட்'டை (சேமிப்பிலிருந்து தந்ததை) தேடிப் பிடிக்க வேண்டும்.

புகார் சொன்னால், "எஸ்எஸ்எல் பம்ப் போட்டுவிடலாம், எங்கள் ரூட் சான்றிதழை எல்லா கணினியிலும் ஏற்றுங்கள்" என்பார்கள். பெட்டியே நடுவில் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டி அனுப்புவதுதான் எஸ்எஸ்எல் பம்ப்; பெட்டி நீட்டும் சான்றிதழ்களைக் கணினி நம்புவதற்குத்தான் அந்த ரூட் சான்றிதழ். இதுதான் பெரிய ஆபத்து. கடவுச்சொல் உட்பட அனைத்தும் அந்தப் பெட்டிக்குள் வெட்டவெளிச்சம். விற்ற பெட்டிகளுக்கெல்லாம் ஒரே பிரைவேட் கீ (அந்த ரூட் சான்றிதழின் ரகசியச் சாவி) போட்டிருந்தால், அது கையில் உள்ள எவரும் உங்கள் ஆட்களிடம் எந்தத் தளமாகவும் வேஷம் கட்டலாம். இவ்வளவு செய்தும் பலன் சொற்பம். ஆண்ட்ராய்டு 7 முதல் செயலிகள், பயனர் ஏற்றிய சான்றிதழை இயல்பாக நம்புவதில்லை. சான்றிதழ் பின்னிங் (தனக்குத் தெரிந்த சான்றிதழை மட்டுமே ஏற்பது) உள்ள செயலிகள் திறக்கவே திறக்காது. வீடியோ முகவரிகள் பலவும் ஆளுக்கு ஆள் மாறும். க்விக் என்ற புதிய நெறிமுறை, வழக்கமான டிசிபிக்குப் பதில் யுடிபி 443 வழியாக, பெட்டியைக் கண்டுகொள்ளாமலே போய்விடும்.

பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஃபைலை நீங்களே தேர்ந்தெடுங்கள். 500 எம்பி, எச்டிடிபிஎஸ் முகவரி. முதலில் ஒரு கணினியில் இறக்குங்கள். அடுத்து இன்னொரு கணினியில். அதே கணினி என்றால் பிரவுசரின் சொந்த கேஷ் ஏமாற்றிவிடும். ரவுட்டரின் வான் கவுன்ட்டர் (வெளி இணையத்திலிருந்து வந்த அளவைக் காட்டுவது) மறுபடி 500 எம்பி ஏறினால் பெட்டி எதையும் மிச்சப்படுத்தவில்லை. டாஷ்போர்டு காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். சேமித்த கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குச் சொல்லலாம், கவுன்ட்டரில் அந்த வித்தை நடக்காது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகள் நிறைய இருந்தால், அவற்றின் மென்பொருள் பேக்கேஜ்களைச் சேமித்துத் தரும் ஆப்ட்-கேஷர்-என்ஜி (போர்ட் 3142) உண்மையாகவே உதவும். பேக்கேஜ்கள் கையொப்பத்தோடு வருவதால் எச்டிடிபியிலேயே வாங்கலாம். விண்டோஸ் அப்டேட்டுக்கு அதிலேயே உள்ள டெலிவரி ஆப்டிமைசேஷன் (கணினிகள் அப்டேட்டைத் தங்களுக்குள் பகிரும் வசதி) போதும். இரண்டும் இலவசம். வீடியோ கேஷ் வேண்டுமென்றால், நெட்ஃப்ளிக்ஸ், கூகுள் போன்றவை தாங்களே இணையச் சேவை நிறுவனங்களில் வைக்கும் சர்வர்கள்தான் வழி. சாவி அவர்களிடம் இருப்பதால் அவை வேலை செய்கின்றன. அதைக் கடையில் வாங்க முடியாது.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் ஒவ்வொரு கணினியிலும் அந்த ரூட் சான்றிதழை நீக்கிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிச் சான்றிதழ்ப் பட்டியல் உண்டு, அங்கேயும் பாருங்கள். டிஸ்க்கையும் அழித்துவிட்டே கொடுங்கள். லாக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது.