மடைக்காவலர் கிளாஸ்: ஒரு கேம்பெயின் முழுக்க ஆடிப் பார்த்த பிறகு

"அண்ணே, உங்க மடைக்காவலர் கிளாஸை எங்க டேபிளுக்கு எடுத்துக்கலாமா?" என்று மன்னார்குடி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் எடுத்துக்கோ என்றாலும் அநியாயம், வேண்டாம் என்றாலும் அநியாயம். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். ஆளுக்கொரு கிளாஸை (பாத்திர வகை) எடுத்துப் பகடை உருட்டிக் கதை ஆடும் டி அண்ட் டி (Dungeons & Dragons) விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு, அதன் 2014 விதிகள் தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. ஸ்லாட் என்றால் என்ன என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லப்போவதில்லை.

கும்பகோணத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை டேபிளுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். நாங்களே சேர்ந்து எழுதிய ஹோம்ப்ரூ கிளாஸ் இது. மடைக்காவலருக்கு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போட நாளுக்கு இத்தனை தடவை என்ற அளவு) கிடையாது, ஸ்பெல் போடச் செலவழிக்கும் 'நீர்' என்ற பாயிண்ட் இருப்பு மட்டும்தான். ஐந்தாம் லெவலில் காலையில் எழும்போது 5 பாயிண்ட் இருக்கும். ஒவ்வொரு சண்டையிலும் இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று தீர்மானிக்கும் பகடை) உருட்டும்போது 4 வந்து சேரும். கொள்ளளவு 12. அதற்கு மேல் வந்தால் வழிந்துவிடும்.

இந்த எண்களைச் சும்மா போடவில்லை. டிஎம் கையேட்டில் இருக்கும் ஸ்பெல் பாயிண்ட் மாற்று விதிப்படி முதல் நிலை ஸ்பெல்லுக்கு 2, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5 பாயிண்ட். ஐந்தாம் லெவல் விஸார்டுக்கு (மந்திரவாதி கிளாஸ்) இந்த மூன்று நிலைகளிலும் முறையே இருக்கும் 4, 3, 2 ஸ்லாட்களை அந்தக் கணக்கில் மாற்றினால் 27 பாயிண்ட் வரும். அதே கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு நடுத்தர அல்லது கடினமான சண்டைகளை எதிர்பார்க்கிறது. ஆறு சண்டை என்றால் மடைக்காவலருக்கு 5 கூட்டல் 24, ஆக 29. வழிந்து போவதைக் கழித்தால் விஸார்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. காகிதத்தில் இதைவிடச் சமநிலையான கிளாஸ் வேண்டியதில்லை.

ஸ்பெல் பட்டியலிலும் கை நீளவில்லை. புது ஸ்பெல் எழுதுவோருக்குக் கையேடு தரும் அட்டவணை, மூன்றாம் நிலையில் பலரைத் தாக்கும் ஸ்பெல்லுக்கு 6டி6 (ஆறு முகப் பகடை ஆறு உருட்டிக் கூட்டிய அளவு) சேதம் என்கிறது. ஃபயர்பால் அந்த அட்டவணையையே மீறி 8டி6 கொடுக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெரும்பாலான ஹோம்ப்ரூ ஸ்பெல்கள் வீங்கிப் போகின்றன. எங்கள் 'உடைப்பு' ஸ்பெல் 6டி6 தான், சராசரி 21. ஃபயர்பாலுக்கு 28. குறைகிற ஏழுக்கு ஈடாக, கரை உடைந்து பாய்கிற வேகத்தில் எதிரியைப் பத்தடி தள்ளிவிடும். இதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

சண்டையெல்லாம் 'சண்டை' என்பது எது என்பதில்தான்.

இனிஷியேட்டிவ் உருட்டினால் 4 பாயிண்ட் என்று எழுதி வைத்தால், ஆடுபவர் இனிஷியேட்டிவ் உருட்ட வழி தேடுவார். சாக்கடையில் எலி ஓடினால் அதைத் தாக்குகிறேன் என்பார். சத்திரத்தில் குடிகாரன் ஒருவன் முறைத்தால் கத்தியை உருவுகிறேன் என்பார். நான் இனிஷியேட்டிவ் வேண்டாம் என்றால் "ஏன் வேண்டாம்?" என்று விதியைக் காட்டுவார். அவர் கேட்பது விதிப்படி சரியும்கூட. கதை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு எலி எதிரியா இல்லையா என்று விவாதிப்பார்கள். முதல் தடவை சிரித்தோம். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை என்றதும் எனக்கு எரிச்சல் முற்றிப்போனது.

மறுபக்கமும் உண்டு. அரண்மனையில் பேச்சுவார்த்தை, ஊரில் விசாரணை என்று ஒரு முழு மாலை கத்தி எடுக்காமலேயே போகும். விஸார்ட் 27 பாயிண்ட் மதிப்புள்ள ஸ்லாட்களோடு உட்கார்ந்திருக்க, மடைக்காவலர் 5 பாயிண்டைக் கஞ்சத்தனமாக எண்ணிக்கொண்டிருப்பார். இதற்கு மட்டும் ஓரளவு மருந்து கிடைத்தது: ரிச்சுவல் உரிமை. சில ஸ்பெல்களைப் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் ஸ்லாட் இல்லாமலே போடலாம் என்ற விதி ஏற்கெனவே இருப்பதால் கணக்கு எதுவும் உடையவில்லை.

எலிக்குத்தான் மருந்து இல்லை. ஆபத்தான எதிரி இருந்தால் மட்டும் என்று மாற்றினோம். எது ஆபத்து என்று தீர்ப்பு சொல்வது என் வேலையாகிப்போனது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் என்று வைத்தோம். உண்மையான சண்டைகள் அடுத்தடுத்து வரும் இடத்தில், கிளாஸ் எதற்காக இருக்கிறதோ அங்கேயே வறண்டது. ஷார்ட் ரெஸ்டோடு (நடுவில் எடுக்கும் சிறு ஓய்வு) கட்டலாம் என்றால் அது வார்லாக் கிளாஸ். வார்லாக் ஏற்கெனவே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது.

நான் உண்மையில் விரும்பியது வேறு. டெல்டாவில் தண்ணீர் முறை வைத்து வரும். ஆகவே டிஎம் வைத்திருக்கும் கடிகாரப்படி, நாளில் இன்னின்ன நேரத்தில் நீர் ஏறும் என்று மாற்றிவிட்டால் எலிக்கு வேலையே இல்லை. இதை டேபிளில் சொன்னபோது மடைக்காவலரை ஆடும் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். "முறை வச்சு வரும்னு தலைமடைக்காரங்க சொல்லலாம்ணே. கடைமடையில சண்டை போட்டாத்தான் தண்ணி" என்றார். 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைத்து, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று சொன்ன பிறகும் ஒவ்வொரு ஜூன் 12 அன்றும் மேட்டூர் திறக்குமா என்று பார்த்திருக்கும் ஊர்க்காரரிடம் நான் என்ன பதில் சொல்வது? விதி அப்படியே நின்றது. எலியும் நின்றது.

இந்தக் கிளாஸில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. கொள்ளளவுக்கு மேல் வழியும் நீரை வீணாக்க மனமில்லாமல் 'கொள்ளிடம்' என்று ஒரு சிறு அம்சம் சேர்த்திருந்தோம். முக்கொம்பில் பிரிகிற கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதுபோல, வழியும் ஒவ்வொரு பாயிண்டும் தோழர் ஒருவருக்கு 6 டெம்பரரி ஹிட் பாயிண்டாக, அதாவது அடியைத் தாங்கும் தற்காலிக உயிராக, போய்ச் சேரும். 2 பாயிண்ட் விலையுள்ள ஃபால்ஸ் லைஃப் ஸ்பெல் 1டி4+4 தான் தருகிறது. அதனால் பார்த்தவுடன் இது அதிகம் என்று தோன்றும். ஆனால் வழிய வேண்டுமானால் முந்தைய சண்டைகளில் செலவழிக்காமல் அடக்கி வைத்திருக்க வேண்டும். டெம்பரரி ஹிட் பாயிண்ட் ஒன்றோடொன்று கூடவும் கூடாது.

தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய சண்டைக்கு முன்னால் 12 நிரம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கதவு திறந்து இனிஷியேட்டிவ் உருண்டதும் நான்கு பாயிண்டும் வழியும், நான்கு பேருக்கும் ஆளுக்கு ஆறு. நிரம்பிய இருப்போடு தானும் களத்தில் இறங்குவார். ஃபைட்டர் ஆடுபவர் "எனக்கு வந்துச்சா?" என்று கேட்பதும், இவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிப் பிரித்துக் கொடுப்பதும் வேறெந்த ஸ்பெல் கிளாஸிலும் நான் பார்க்காதது. விஸார்ட் தன் ஸ்லாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மடைக்காவலர் சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பார்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவருடைய டேபிள் மாலையில் இரண்டு சண்டையோடு முடிகிற டேபிள். இரண்டு சண்டை, சண்டைக்கு நான்கு சுற்று என்றால் விஸார்டுக்கு எட்டு ஸ்பெல் போட வாய்ப்பு. தன் ஒன்பது ஸ்லாட்டில் சிறந்த எட்டைப் போட்டு 25 பாயிண்ட் அளவு கொட்டிவிடுவார். மடைக்காவலருக்கு அதே மாலையில் கிடைப்பது 13. அந்த நிலைமையில் எலியைத் தேடாத ஆட்டக்காரர் இருக்க முடியாது. போன வாரம் ஒரு நண்டுக்காக முக்கால் மணி நேரம் போன கோபமும் இந்தப் பதிலில் இருக்கிறது, மறைக்கவில்லை.

பிடிவாதமாக எடுத்துக்கொள்வதாக இருந்தால் காலை இருப்பை 5-லிருந்து 12 ஆக்கிவிடுங்கள். முதல் சண்டையிலேயே கொள்ளிடம் பாயும். எங்கள் டேபிளில் 5 அப்படியே இருக்கும். அடுத்த கேம்பெயினுக்கும் தம்பி மடைக்காவலர்தான், நானும் சம்மதம் சொல்லியாயிற்று.