கணினி விஞ்ஞானமா, கணிப்பியல் விஞ்ஞானமா?

வெள்ளவத்தையில் இருக்கும் மாமி மகனுக்கு உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) முடிவு வந்துவிட்டது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை மேலே போடுவது என்று ஒரு கிழமையாகக் குழம்புகிறான். இஸட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) இடம் கொடுக்கும் முதல் தெரிவுதான் கிடைக்கும் என்பதால் வரிசை முக்கியம். "அண்ணா, ரெண்டும் கம்பியூட்டர்தானே?" என்றான். இல்லை.

கணினி விஞ்ஞானத்துக்குக் கணினிதான் பொருள்: தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலையமைப்பு, மென்பொருள் பொறியியல். கணிப்பியலுக்குக் கணினி ஒரு கருவி. அதைக் கொண்டு கணித்துப் பார்க்கும் பொருள் வெள்ளமோ வெப்பமோ மூலக்கூறோ. கொழும்பில் முதலாவதைப் படிக்க ரீட் அவெனியூவில் கணினிக் கல்லூரியே உண்டு. நான் விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்து, கணிதமும் பௌதிகமும் எடுத்து, கணிப்பு முறைகள் பக்கம் சாய்ந்தவன். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்ததுதான்.

வேலை விஷயத்தை நீட்டத் தேவையில்லை. கொழும்பு மென்பொருள் நிறுவனங்களுக்குக் கணினி விஞ்ஞானப் பட்டம் உடனே விளங்கும். என்னுடையதை ஒவ்வொரு நேர்முகத்திலும் விளக்க வேண்டியிருந்தது. நான் பார்த்தது ஒரே ஒரு வேலைத்தளம் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது வேறொன்று: எதைப் பிறகு தனியே படித்துக்கொள்ளலாம், எதை முடியாது?

மூன்றாம் வருடத்தில் ஒரு கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணிக்கும் புரோகிராம் எழுதினேன். 50 புள்ளிகளாகப் பிரித்தபோது அழகாக ஓடியது. துல்லியம் கூடட்டுமே என்று 100 ஆக்கினேன். 100 பாகைக்குள் நிற்க வேண்டிய வெப்பநிலை கோடிகளைத் தாண்டி ஓடி, கடைசியில் திரை முழுக்க 'நான், நான், நான்' என்று வந்தது. எண் அல்ல என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆனால் பிழை யாருடையது என்று சரியாகவே சொன்னது. கணினி விஞ்ஞானம் படித்த நண்பன் வரிவரியாகப் பார்த்துவிட்டு, "கோட்ல பிழை ஒண்டும் இல்லையே" என்றான். உண்மைதான். நான் எடுத்த எளிய முறையில் புள்ளி இடைவெளியைப் பாதியாக்கினால் நேரப்படியை, அதாவது கணிப்பு ஒரு தடவையில் முன்னேறும் நேரத்தை, காலாக்க வேண்டும். புள்ளிகள் 2 மடங்கு, படிகள் 4 மடங்கு, ஆக மொத்த வேலை 8 மடங்கு. இடைவெளிக்கும் நேரப்படிக்கும் உள்ள இந்த மாதிரிக் கட்டுப்பாட்டை, இன்றைய கணினிகள் வருமுன்னரே, 1928இல் கூரான்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர் மூவரும் அலை போன்ற சமன்பாடுகளுக்கு எழுதி வைத்துவிட்டார்கள். வகையீட்டுச் சமன்பாட்டோடு சில வருடம் மல்லுக்கட்டாதவனுக்கு அது எங்கே தேடுவது என்றே தெரியாது.

மறுபக்கமும் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு பெரிய தாயத்தை (எண்களின் அட்டவணை, மெற்றிக்ஸ்) சி மொழியில் நிரல் நிரலாக, அதாவது மேலிருந்து கீழாக, வாசித்து மணிக்கணக்கில் காத்திருந்தேன். சி நிரை நிரையாக, இடமிருந்து வலமாகத்தான் நினைவகத்தில் அடுக்கும், இரண்டு லூப்பையும் இடம் மாற்று என்று அதே நண்பன் தேநீர் ஆறுமுன் சொல்லித் தந்தான். அது ஒரு பின்னேரத்தில் பிடிபட்டது. கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), தரவுத்தளம், வெப் எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு அப்படியே வந்தன. கணிதத்தை வேலைக்குப் போய்க்கொண்டே தனியே பிடித்தவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் தம்பியிடம் ஒன்று கேட்டேன்: இணைந்த கணிதத்தில் தொகையீட்டுக் கணக்கை ரியூஷன் சேர் சொல்லாமலே செய்து பார்த்தாயா, இல்லை பரீட்சைக்காக மட்டுமா? கொஞ்ச நேரம் யோசித்து, "பரீட்சைக்குத்தான் அண்ணா" என்றான். சரி, அப்படியென்றால் கணினி விஞ்ஞானத்தையே மேலே போடு என்றேன்.